மூத்தம்மாவின் குரலும் ஒரு யூ.எஸ்.பி வயரும்

2024 நவம்பர் கடைசியில் பெய்த மழையை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மருதமுனையில் எங்கள் ஒழுங்கைக்குள் தண்ணீர் முழங்கால் அளவுக்கு நின்றது. அது வீட்டுப் படியின் இரண்டாவது கல்லைத் தொட்டதும் உம்மா அலுமாரியைத் திறந்து ஒரு பெரிய பொலித்தீன் பையை எடுத்தார். காணி உறுதி, எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், வாப்பாவின் பழைய பாஸ்போட், வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் அதற்குள் வைத்தார். கடைசியாக ஒரு பழைய போனையும் போட்டு, இரண்டு முடிச்சு இறுக்கிக் கட்டினார்.

"அது எதுக்கு உம்மா? பழுதான போன்தானே."

"பழுதில்ல. சாஜ் ஏறுறதுதான் கஷ்டம். மூத்தம்மாட குரல் அதுக்குள்ள இரிக்கி."

மூத்தம்மா 2023 ஓகஸ்டில் மவுத்தானார். அதன் பிறகு அவருடைய குரலை நான் கேட்கவில்லை. கேட்க ஓர் இடம் இருக்கிறது என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. உறுதியோடு சேர்த்துக் கட்டும் அளவுக்கு உம்மா அதை மதித்திருக்கிறார், எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல்.

உம்மாவின் பயத்துக்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 காலையில் கடல் வந்தபோது எங்கள் பழைய வீடு கடற்கரைப் பக்கம் இருந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போன நாள் அது. நான் அப்போது பிறக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த நாளைப் பற்றிப் பேசமாட்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் இல்லாமல் போன பொருட்களின் பெயர்கள்தாம்: மூத்தம்மாவின் தறி, மூத்தாப்பாவின் ஒரேயொரு படம், உம்மா வாப்பாவின் கலியாண அல்பம். உம்மா மணப்பெண்ணாக எப்படி இருந்தார் என்று நாங்கள் யாரும் கண்டதில்லை. பெருநாளில் பெரியம்மா வரும்போது, "உங்கட உம்மா அண்டைக்கு பச்சைச் சாரி" என்று சொல்வார். அவ்வளவுதான் எங்களிடம் உள்ள படம்.

தண்ணீர் வடிந்ததும் அந்தப் போனிலுள்ளதைக் கணினிக்கு மாற்ற வேண்டும் என்று நினைத்தேன். உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பமும் ஒரு பாடமாகப் படிக்கிறேன். ஒரு வயரைச் செருகுவது பெரிய வேலையா என்று எண்ணினேன். மூன்று வாரம் எடுத்தது.

முதலில் அந்தப் போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் வட்ஸ்அப்பில் வரத் தொடங்கியபோது வாப்பா கட்டாரிலிருந்து காசு அனுப்பி வாங்கச் சொன்ன போன். பகலில் எங்களுக்குப் பாடம், இரவில் உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் பேச்சு. 2023 கடைசியில் வாப்பா விடுமுறையில் வந்தபோது புதியதொன்று கொண்டுவந்தார். புதியதில் வட்ஸ்அப்பைத் திறந்ததும் பழையதில் அது மூடிக்கொண்டது. பிரதி எடுத்து வைக்கும் வசதியை நாங்கள் ஒருநாளும் போட்டு வைக்கவில்லை. ஆகவே புதிய போனில் பழைய பேச்சு ஒன்றும் வரவில்லை. வாப்பாவின் பக்கத்தில் தேடலாம் என்றால், அவருடைய பழைய போன் அங்கே வேலைத்தளத்தில் தண்ணீரில் விழுந்து போய்விட்டது. குரல்கள் மீதமிருந்த இடம் இந்த ஒரு போன் மட்டும்தான்.

சார்ஜ் ஏற்றும் துவாரம் தளர்ந்து போயிருந்தது. வயரைச் செருகி, ஒரு பக்கமாகச் சரித்துப் பிடித்தால்தான் மின்னல் அடையாளம் வரும். கல்முனையில் ஒரு கடைக்குக் கொண்டுபோனோம். "போனை விட்டுட்டுப் போங்க, லொக்கையும் எழுதித் தாங்க, நாளைக்கு வாங்க" என்றார் அந்தத் தம்பி. அவர் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உம்மா போனைக் கையில் எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார். அதற்குள் எங்கள் வீட்டுப் பெண்களின் படங்கள் இருக்கின்றன, முக்காடு இல்லாமல் முற்றத்தில் இருக்கும்போது எடுத்தவையும் கூட. வரும் வழியில் உம்மா ஒரே ஒரு வசனம்தான் சொன்னார்: "நீ கம்பியூட்டர் படிக்கிறதானே."

அன்றிரவு வாப்பா வாங்கித் தந்த பழைய லெப்டொப்பில் போனைப் பொருத்தினேன். மின்னல் அடையாளம் வந்தது. கணினியில் ஒரு சத்தமும் இல்லை. போன் பழுது என்று முதலில் நினைத்தேன். பிறகு கணினி பழுது என்று நினைத்தேன். இரண்டும் இல்லை, வயர்தான். சாதாரண யூ.எஸ்.பி வயருக்குள் நான்கு மெல்லிய கம்பிகள் ஓடுகின்றன. இரண்டு மின்சாரம் கொடுப்பதற்கு, இரண்டு தகவல் கொண்டுபோவதற்கு. மலிவாகக் கிடைக்கும் சில வயர்களில் மின்சாரக் கம்பிகள் இரண்டு மட்டுமே இருக்கும். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எங்கள் வீட்டில் இருந்த மூன்று வயர்களும் அந்த இனம்.

போனோடு பெட்டியில் வந்த வயர் எங்கே என்று ஒரு நாள் முழுக்கத் தேடினோம். கடைசியில் தம்பி கண்டுபிடித்தான். அவனுடைய கட்டிலில் நுளம்பு நெட்டை ஜன்னல் கம்பியோடு கட்டியிருந்தது அந்த வயர்தான்! உம்மாதான் கட்டியிருக்கிறார். அவிழ்த்துத் துடைத்துச் செருகினேன். கணினி "டிங்" என்றது. அன்றிரவு தம்பியின் நெட்டுக்குப் பழைய நாடா ஒன்று கட்டிக் கொடுத்தோம்.

இவ்வளவு சின்ன வயருக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. முன்பெல்லாம் விசைப்பலகைக்கு ஒரு துவாரம், அச்சு இயந்திரத்துக்கு வேறொரு துவாரம் என்று கணினியின் முதுகில் விதம்விதமாக இருந்தனவாம். எல்லாவற்றுக்கும் ஒரே வாய் வேண்டும் என்று பல நிறுவனங்கள் சேர்ந்து 1996இல் யூ.எஸ்.பி முறையை வெளியிட்டன. அதில் முக்கிய பங்காற்றியவர் இன்டெல் நிறுவனத்தில் வேலை செய்த அஜய் பட். இந்தியாவில் குஜராத்தின் வதோதராவில் பிறந்தவர். அவர் நினைத்திருக்க மாட்டார், அது நுளம்பு நெட்டுக்கும் பொருந்தும் என்று.

டிங் என்ற சத்தம் வந்தும் கணினிக்குள் போனைத் திறந்தால் வெறுமையாகவே இருந்தது. நம்மில் பலருக்கு இந்த இடத்தில்தான் மனம் விட்டுப்போகும், எல்லாம் அழிந்துவிட்டது என்று. அழியவில்லை. போனைப் பூட்டித் திறக்கும் கோலத்தை உம்மா போட்டு, மேலேயிருந்து இழுத்தால் வரும் அறிவித்தலைத் தொட்டு, "சார்ஜ் மட்டும்" என்பதிலிருந்து "கோப்புப் பரிமாற்றம்" என்பதற்கு மாற்ற வேண்டும். அதுவரைக்கும் போன் கணினிக்கு ஒன்றையும் காட்டாது.

இதை வகுப்பில் படித்தபோது எனக்கு விளங்கவில்லை, வீட்டில்தான் விளங்கியது. பழைய போன்களில் வயரைச் செருகியதும் கணினி அதன் நினைவகத்தை முழுதாகத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளுமாம். அந்த நேரம் போனே தன் நினைவகத்தைத் தொட முடியாது. இப்போதைய அன்ட்ரொயிட் போன்களில் அப்படியில்லை. கணினி வாசலில் நின்று இன்ன கோப்பு வேண்டும் என்று கேட்கும். போன் உள்ளே போய் எடுத்து வந்து ஒவ்வொன்றாகக் கொடுக்கும். இதற்கு மீடியா டிரான்ஸ்பர் புரொட்டோகோல் என்று பெயர். ஆயிரம் சின்னக் கோப்புகள் இருந்தால் ஆயிரம் தடவை கேட்க வேண்டும், கொடுக்க வேண்டும். அதனால்தான் ஒரு பெரிய வீடியோ வேகமாகப் போகிறது, சின்னக் குரல் பதிவுகள் நத்தைபோல நகர்கின்றன. இடையில் வயர் ஆடினால் வாசல் சாத்திக்கொள்ளும்.

எங்கள் வயர் ஆடிக்கொண்டே இருந்தது. போனைச் சரியான கோணத்தில் நிறுத்த ஒரு பக்கம் தமிழ்ப் பாடநூலையும் மறுபக்கம் உம்மாவின் தையல் டப்பாவையும் முட்டுக் கொடுத்தேன். மின்விசிறிக் காற்றில்கூட இணைப்பு விட்டுப் போனது. விசிறியை நிறுத்தினோம். தம்பி அறைக்குள் ஓடக் கூடாது என்று சட்டம் போட்டோம்.

உள்ளே படங்கள் ஆறாயிரத்துக்கு மேல். அவற்றில் ஜும்ஆ முபாரக் படங்களும் காலை வணக்கப் பூக்களும் மட்டும் எத்தனை நூறு! போன் இடமில்லாமல் மூச்சுத் திணறியதற்கு மூத்தம்மா காரணமில்லை, எங்கள் சொந்தக்காரர்கள்தான். குரல் பதிவுகள் எல்லாம் ஒரு தனி மடிப்பில் இருந்தன. மொத்தம் 1,140. எல்லாம் சேர்ந்து 100 எம்.பி.க்கும் குறைவு. மூன்று வருடத்துப் பேச்சு, ஒரு சினிமாப் படத்தின் சின்னத் துண்டு அளவுகூட இல்லை.

இங்கேதான் நான் ஒரு பிழை விட்டேன். அதையும் எழுத வேண்டும். போனில் இடம் வந்தால் வேகம் கூடும் என்று நினைத்து, "கொப்பி" போடாமல் "கட்" போட்டேன். கொப்பி என்றால் ஒன்று இங்கேயும் இருக்கும், ஒன்று அங்கேயும் இருக்கும். கட் என்றால் அங்கே அழிந்து இங்கே வரும். ஒரு மடிப்பு பாதி போய்க்கொண்டிருக்கும்போது வயர் ஆடியது. திரும்பப் பொருத்திப் பார்த்தால், மூன்று கோப்புகளின் பெயர் மட்டும் கணினியில் இருந்தது. அளவு 0 கே.பி. போனிலும் அவை இல்லை. உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு வியர்த்தது. அன்றிரவு உம்மாவிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு கட் பக்கமே போகவில்லை. கொப்பிதான், அதுவும் ஒரு நேரத்தில் ஒரு மடிப்பு மட்டும். முறிந்தால் அந்த ஒரு மடிப்பை மட்டும் திரும்ப எடுக்கலாம். முடிந்ததும் இரண்டு பக்கமும் எண்ணிக்கையைச் சரிபார்ப்பேன். ஐந்து இரவுகள் இஷாவுக்குப் பிறகு இதே வேலை.

எல்லாம் வந்து சேர்ந்ததும் அடுத்த பிரச்சினை. குரல் பதிவின் பெயர் இப்படித்தான் இருக்கும்: பி.டி.டி-20220705-டபிள்யூ.ஏ0003. அதாவது 2022 ஜூலை 5, அன்றைய இலக்கம் 3. யார் பேசியது என்று இல்லை. உம்மாவா, வாப்பாவா, பெரியம்மாவா, மூத்தம்மாவா, எங்கள் கணித டீச்சரா, எதுவும் இல்லை. மூத்தம்மாவைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் 1,140ஐயும் ஒவ்வொன்றாகத் திறந்து கேட்க வேண்டும்.

கேட்கத் தொடங்கினேன். காதில் இயர்போன், தனியாக, உம்மா தூங்கிய பிறகு.

முதல் இருபதுக்குள் மூத்தம்மா வந்துவிட்டார். "ஹலோ... ஹலோ... மகன், கேக்குதா?" குரல் பதிவுக்கு யாராவது ஹலோ சொல்வார்களா? மூத்தம்மா சொல்வார். மைக் அடையாளத்தை அழுத்திப் பிடிக்க நான்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். விரலை எடுத்தால் போய்விடும் என்று பயமுறுத்தியும் வைத்தேன். அதனால் பேசி முடிந்த பிறகும் விரலை எடுக்கத் தயங்குவார். ஒவ்வொரு பதிவின் முடிவிலும் ஐந்தாறு விநாடிகள் அவருடைய மூச்சு மட்டும் இருக்கிறது, பின்னால் கோழிகள்.

அவர் யாரோடு பேசினார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். எங்கள் ஊரில் வீடு பெண் பிள்ளைக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். வாப்பாவும் அப்படித்தான் வந்தார். ஆனால் இருபது வருடமாகியும் மூத்தம்மா வாப்பாவின் முகத்துக்கு நேரே நின்று பேசி நான் கண்டதில்லை. கதவு நிலைக்குப் பின்னால் நின்று, முந்தானையை இழுத்து விட்டு, உம்மாவிடம் சொல்வதுபோலச் சொல்வார்: "மகள், தம்பிக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடு." வாப்பா மூன்றடி தூரத்தில் இருப்பார். அப்படிப்பட்ட மூத்தம்மா போனில் வாப்பாவோடு தாராளமாகப் பேசியிருக்கிறார். முருங்கை காய்த்தது, பக்கத்து வீட்டுக் கலியாணம், எனக்கு வந்த காய்ச்சல், நூல் விலை. போனும் ஒரு கதவு நிலைதானே.

இரண்டாவது இரவு 202227 என்ற மடிப்பைத் திறந்தேன். 2022ஆம் ஆண்டின் 27ஆம் கிழமை. அதில் உம்மா பேசினார். அந்தக் குரல் எங்களோடு பேசும் குரல் இல்லை. என்னுடைய டியூசன் காசுக்கும் வீட்டுச் சாமானுக்கும் காப்பை அடகு வைத்ததை வாப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "புள்ளைக்குத் தெரிய வேணாம்" என்றார். பிறகு அழுதார். நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. முடியும் வரை கேட்டேன்.

அந்தக் காப்பு சாச்சியின் கலியாணத்துக்கு இரவல் கொடுத்தது என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது.

அடுத்த நாள் முழுக்க உம்மாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இந்தப் போனைக் கடையில் விடக்கூடாது என்று திருப்பிக் கொண்டுவந்தோம், அந்நியர் பார்த்துவிடுவார் என்று. அந்நியர் செய்திருக்கக்கூடியதை நான் செய்துவிட்டேன். கோலத்தை உம்மாவே போட்டுத் தந்தார் என்பது உண்மைதான். ஆனால் மூத்தம்மாவைத் தேடத்தான் தந்தார், தன்னைத் தேட அல்ல.

மஃரிபுக்குப் பிறகு சொன்னேன். இரண்டையும் சொன்னேன், காப்பையும் அழிந்துபோன மூன்று கோப்புகளையும். உம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். சுளகை நிறுத்தவில்லை.

"காப்பு மீட்டாச்சு," என்றார். கொஞ்ச நேரத்தின் பின், "இனி நீ தனிய கேக்க வேணாம். நானும் இரிக்கன்."

அப்படித்தான் உம்மா கணினிக்கு முன்னால் வந்தார். இயர்போனின் இரண்டு காதும் முதலில் உம்மாவுக்கு. அவர் சில விநாடிகள் கேட்டுவிட்டு, "இது நமக்கில்ல" என்றால் அதை வேறொரு மடிப்பில் போடுவேன். "மூத்தம்மா" என்றால் ஒரு காதை எனக்குத் தருவார். "நமக்கில்ல" மடிப்புக்கு உம்மா தானே ஒரு கடவுச்சொல் கேட்டார். அதையும் பூட்டிக் கொடுத்தேன், சொல்லை அவரே தட்டினார், நான் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உம்மா வந்த பிறகு வேலை வேகமானது. எனக்கு அந்தத் திகதிகள் வெறும் இலக்கங்கள். உம்மாவுக்கு அவை நாட்கள். "20220705" என்று வாசித்தால், கண்ணை மூடி யோசித்து, "ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின கிழமை. பெற்றோல் இல்ல, உங்களுக்கு ஸ்கூலும் இல்ல. உம்மா விறகடுப்பில தேங்காப்பால் ரொட்டி சுட்டா" என்பார். அந்தப் பதிவைத் திறந்தால் உண்மையாகவே விறகு வெடிக்கும் சத்தம். எனக்கு நம்ப முடியவில்லை. 2022 நோன்பு நேரத்து மின்வெட்டு, பெரியம்மாவின் வீடு குடிபுகுந்தது, தம்பி பல்லை உடைத்துக்கொண்டது எல்லாவற்றையும் திகதியிலிருந்தே எடுத்தார். பிறகு கோப்புகளுக்குப் பெயர் வைப்பதும் அவரே. தமிழில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டுவார். "முருங்க", "பல்லு", "விறகு ரொட்டி". எழுத்துப்பிழையைத் திருத்த நான் கையை நீட்டினால் தட்டிவிடுவார்.

மூத்தம்மாவின் பதிவுகள் மொத்தம் 87.

டிசம்பர் நடுப்பகுதியில் வகுப்பில் தமிழ் டீச்சர் சுனாமியின் இருபதாவது வருட நினைவுக்காக, வீட்டுப் பெரியவர்கள் சொன்னதை எழுதி வரச் சொன்னார். எங்கள் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே என்று வந்து உம்மாவிடம் சொன்னேன். சொல்லிக்கொண்டே ஏதோ ஒரு யோசனையில் தேடும் கட்டத்துக்குள் "1226" என்று தட்டினேன். ஒரு திகதிதான் வந்தது, 2022 டிசம்பர் 26. அதில் நான்கு பதிவுகள். இரண்டு உம்மாவுடையவை. மூன்றாவதை உம்மா கேட்டுவிட்டு, ஒரு காதை எனக்குத் தராமல் இரண்டையும் கழற்றி, "சத்தமாப் போடு" என்றார்.

மூத்தம்மா ஹலோ சொல்லவில்லை.

"மகன், இண்டைக்கு அந்த நாள். உங்களுக்கிட்ட ஒண்டு சொல்லோணும் எண்டு கனநாளா இரிக்கி. மொதத் தண்ணி முழங்காலுக்கு வந்து போச்சு. எல்லாரும் ஓடுறாங்க. நான் உள்ளுக்குப் போய் அலுமாரியத் தொறந்து உங்கட கலியாண அல்பத்த எடுத்தன். எடுத்துட்டன் மகன். கையில இரிக்கி. வெளிய வந்தா பக்கத்தூட்டுச் சின்னப் புள்ள படியில நிண்டு அழுகிது. ஒரு கையால தூக்க ஏலா. அல்பத்த மதிலுக்கு மேல வெச்சிட்டு புள்ளயத் தூக்கிட்டு ஓடினன். மறுகா வந்து எடுக்கலாம் எண்டுதான் வெச்சன். கிறுகிப் பாக்கக்குள்ள மதிலே இல்ல. மகள் கேட்டா, அல்பத்தயாவது எடுத்திருக்கலாமே எண்டு. நான் ஒண்டும் சொல்லல்ல. சொன்னா புள்ளயச் சொல்லிக் காட்டுற மாதிரிப் போயிரும். நீங்க மனசில வெச்சிக்காதீங்க."

அதன் பிறகு மூச்சு. கோழி இல்லை. விரலை எடுக்காமல் நாற்பது விநாடிக்கு மேல் வைத்திருந்திருக்கிறார்.

நான்காவது பதிவு வாப்பாவுடையது. பின்னால் வாகன இரைச்சல். "மாமி, அல்பம்தானே போச்சி. கலியாணம் போகலியே," என்று சிரிக்கிறார். சிரிப்பு சரியாக வரவில்லை.

உம்மா திரும்பப் போடச் சொல்லவில்லை. எழும்பிப் போய் முற்றத்தில் நின்றார். நான் பின்னால் போகவில்லை. அல்பத்தை எடுத்திருக்கலாமே என்று தன் தாயிடம் கேட்டவர் உம்மாதான். எத்தனை தடவை கேட்டார் என்று எனக்குத் தெரியாது. அந்தச் சின்னப் பிள்ளை இப்போது பெரியவர். கலியாணமாகி அடுத்த ஒழுங்கையில் இருக்கிறார். பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பாடு அனுப்புவார். அவருக்கு இது தெரியுமா என்று உம்மாவிடம் கேட்டேன். "தெரியா. நீயும் சொல்லாத" என்றார். ஆகவே இந்தச் சஞ்சிகையில் அவருடைய பெயரோ, ஆணா பெண்ணா என்பதோ இல்லை. எழுதலாமா என்று கேட்டபோது இந்த ஒரு நிபந்தனையோடுதான் உம்மா சம்மதம் தந்தார்.

வாப்பாவிடம் கேட்டோம், இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று. "உங்களுக்குத் தெரியும் எண்டு நினைச்சன்" என்றார்.

டீச்சருக்கு நான் வேறு ஏதோ எழுதிக் கொடுத்தேன். அதற்கு அவ்வளவு புள்ளி கிடைக்கவில்லை. ஆனால் குரல் பதிவுகளைப் பற்றி அவரிடம் சொன்னபோது, நூலகம் நிறுவனத்தைப் பற்றிச் சொன்னார். இலங்கைத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் 2005 முதல் மின்பிரதியாக்கி இணையத்தில் யாரும் வாசிக்கும்படி வைத்து வருகிறார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் சேர்ந்து போயின என்று டீச்சர் சொன்னார். ஒரே இடத்தில் ஒரே ஒரு பிரதி. மதிலுக்கு மேல் வைத்த அல்பத்தை நினைத்துக்கொண்டேன்.

இப்போது மூத்தம்மா மூன்று இடத்தில் இருக்கிறார். ஒன்று எங்கள் கணினியில். ஒன்று பென்டிரைவில், கொழும்பில் இருக்கும் சாச்சியின் வீட்டில். இங்கே வெள்ளம் வந்தாலும் அங்கே ஒரு பிரதி இருக்கும். மூன்றாவது அந்தப் பழைய போனில். அது இன்னும் பொலித்தீன் பைக்குள்தான். வயரையும் சேர்த்து வைக்கச் சொன்னேன். ஆனால் தம்பி நெட் சரியாக நிற்கவில்லை என்று அந்த வயரைத் திரும்பக் கேட்கிறான்.

அழிந்துபோன மூன்று கோப்புகளின் பெயர்களை நான் அழிக்கவில்லை. மூன்றும் 2023 பெப்ரவரி 9. யார் பேசினார்கள் என்று தெரியாது. அடுப்படிக் கணக்கா, உம்மா வாப்பாவின் சண்டையா, அல்லது மூத்தம்மாவா. போன கிழமை உம்மாவைப் பிடித்து உட்காரவைத்து, அந்தத் திகதியைச் சொல்லி, என்ன நாள் என்று கேட்டேன். வழக்கம்போலக் கண்ணை மூடினார். வழக்கத்தை விட அதிக நேரம் எடுத்தார்.

"அண்டைக்கு உம்மாக்குத் தொண்டை அடைச்சிருந்திச்சு. கதைச்சிருக்க மாட்டா," என்றார்.

கணினியை மூடிவிட்டுப் படிக்கப் போகச் சொன்னார்.